கோழிகளுக்குக் கேட்காத நடை

ஒன்பது வயது வரைக்கும் தரை குளிர்ச்சியானது என்பது என் குதிகாலுக்குத் தெரியாது. நான் நுனிக்காலில் நடந்தவள். இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று உரச, குதிகால் தரையில் படாமல், இதோ விழப்போகிறாள் என்று பார்க்கிறவர்கள் பதறும் வேகத்தில்தான் என்னால் நடக்க முடியும். மெதுவாக நடந்தால் நிஜமாகவே விழுந்துவிடுவேன். பிறந்தபோது மூச்சுத் திணறி, அழுவதற்குக் கொஞ்சம் தாமதித்துவிட்டேனாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளையில் கால்களைக் கவனித்துக்கொள்ளும் இடம் கோபித்துக்கொண்டது. பிறகு அது முழுதாகச் சமாதானம் ஆகவே இல்லை. இதற்கு மூளை முடக்குவாதம் என்று பெயர் இருப்பதைப் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "புள்ளைக்குக் காலு கொஞ்சம் அப்படி" என்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கோ என் கால்கள் பெரிய வேடிக்கை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பித்தவெடிப்பு உண்டு. அம்மா தினமும் குளிக்கும்போது குதிகாலைக் கல்லில் தேய்ப்பார். பெரியப்பாவின் வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசைச் செருகி நிறுத்தலாம், நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் கைக்குழந்தைக்கு இருக்குமே, அப்படி ஒரு குதிகால். வீட்டுக்கு வருகிற ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துப் பட்டாட்டம் இருக்கிறது என்பார்கள். பயன்படுத்தாத சாமான் புதிதாகவே இருப்பதில் என்ன அதிசயம் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் ஒரே ஒரு வெடிப்பாவது வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசைப்பட்டேன்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை இருந்தது. அப்பா முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போவார், வாரத்தில் பாதி நாள் அவருக்கு லாரிதான் வீடு. பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பா. பெரியம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஆனால் அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேச மாட்டார். கணவரின் அண்ணனிடம் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர். ஆகவே இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. பெரியப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அம்மா சமையலறை நிலைக்கு உள்ளே நின்று, "ரசம் போதுமான்னு பெரியப்பாவைக் கேளு" என்பார். அது அவர் காதில் தெளிவாக விழுந்திருக்கும். ஆனாலும் நான் கேட்ட பிறகுதான் "போதும்னு சொல்லு சாமி" என்பார். அதுவும் அம்மாவின் காதில் விழுந்திருக்கும். நான் போய்ச் சொல்லும்வரை கரண்டி கீழே இறங்காது.

என் காலுக்கு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்ற வாக்குவாதமும் என் வழியாகத்தான் நடந்தது. நடந்துகொண்டுதானே இருக்கிறாள், எதற்கு வீண் வேலை என்பது பெரியப்பாவின் கட்சி. வளர வளர எலும்பு நீளும், பின்னால் இருக்கிற நரம்பு கூடவே நீளாது, இன்னும் சில வருடத்தில் இந்த நடையும் நின்றுபோகும் என்று சேலத்து டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லி அனுப்பினார். நரம்பு என்று நாங்கள் எல்லோரும் சொன்னது, தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாணை. டாக்டரிடம் நானே நேராகக் கேட்டேன், அதை என்ன செய்வீர்கள் என்று.

"வளர்ற புள்ளைக்குப் பாவாடை தெக்கறப்பக் கீழ மடிச்சுத் தெப்பாங்கல்ல? அந்த மடிப்பைப் பிரிச்சு விடப் போறோம்" என்றார்.

"பிரிச்சா பழைய தையல் தடம் தெரியுமே" என்றேன்.

தெரியும் என்று ஒப்புக்கொண்டு சிரித்தார். இரண்டு முட்டிக்குப் பின்னாலும் குதிகாலுக்கு மேலேயும் அந்தத் தடம் இன்றைக்கும் இருக்கிறது.

அப்பா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. உன் இஷ்டம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டார். தப்பாகப் போனால் அது உன் தலையில் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் அர்த்தம். அம்மா கையெழுத்துப் போட்டார்.

மாவுக்கட்டைப் பிரித்த நாளில் உள்ளே இருந்து புதுக் கால்கள் வரும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். வந்தவை என் பழைய கால்கள்தான், இன்னும் மெலிந்து, தோல் உரிந்து, கொஞ்சம் நாற்றத்துடன். பயிற்சி தரும் அக்கா என்னைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தார். குதிகால் தரையைத் தொட்டது. அப்படி ஒரு குளிர்ச்சி.

"தரை எப்பவுமே இப்படித்தான் சில்லுன்னு இருக்குமாக்கா?" என்று கேட்டேன். அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

குதிகால் தரையைத் தொட்டதே தவிர, என்னால் நிற்க முடியவில்லை. எழுந்தால் முட்டி மடங்கியது. விறைப்பாக இருந்தவரைக்கும் அந்த விறைப்பின்மேல்தான் நான் நின்றிருக்கிறேன், அதை எடுத்துவிட்டால் நிற்பதற்குக் காலில் பலம் இல்லை. இது இப்படித்தான் ஆகும், முதலில் பழையபடிகூட முடியாது, போகப்போகத்தான் ஏறும் என்று டாக்டர் முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தார். பயிற்சி அக்கா அதை எனக்கு வேறு மாதிரி சொன்னார். வைத்தியம் செய்தது காலில்தான், மூளையில் யாரும் கை வைக்கவில்லை, மூளை இன்னும் பழைய கால் என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டும், அது புதுக்காலைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. மூளைக்கு யார் போய்ச் சொல்வது என்று யோசித்து, நானே சொல்லத் தொடங்கினேன். இது புதுக்கால், நீளம் அதிகம், பார்த்து ஓட்டு என்று படுத்துக்கொண்டே என் தலைக்கு நான் சொல்வதை அம்மா கவலையோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஊருக்கு வந்ததும் பெரியப்பா என்னைப் பார்த்தார். "நடந்துட்டிருந்த புள்ளையப் படுக்க வெச்சாச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் என் வேலையை நான் விடவில்லை, அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"கேட்டுதுன்னு சொல்லு" என்றார் அம்மா.

அடுத்த சில மாதங்களில் நடந்தது பெரும்பாலும் அழுகை. காலை நீட்டிப் பிடித்து அழுத்தும் பயிற்சிக்கு நான் போடும் சத்தம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். ராசிபுரம் வழியாகப் போகும் பேருந்தில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா சேலத்துக்கும் ஊருக்குமாக அலைந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வந்தது, பிறகு நடக்கவும் வந்தது. ஆனால் காலுக்கு மாட்டிய பிளாஸ்டிக் ஸ்பிளின்டோடு இடது கால் தூக்க வராமல் சர்ரென்று தரையை இழுத்துக்கொண்டே வரும். பார்ப்பதற்குப் பழைய நடையே தேவலை என்று தோன்றும்போல. மாசியில் ஒருநாள் அப்பா லாரியிலிருந்து இறங்கிய கையோடு தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஒரு முன்னேற்றமாச்சும் கண்ணுல தெரியோணும். இல்லைன்னா சேலமும் வேண்டாம், இந்த அழுகையும் வேண்டாம். புள்ள எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்."

அம்மா சரிங்க என்றார். அன்றிலிருந்து அவர் என் காலைப் பார்த்தபடியே இருந்தார். சோறு போடும்போதும் துணி உலர்த்தும்போதும் பார்வை என் காலில்தான். அவ்வளவு பார்த்தால் எதுதான் கண்ணுக்குத் தெரியும்? பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது பொங்கவா செய்கிறது.

சேலத்தில் நடை பழக இரண்டு பக்கமும் கம்பி போட்ட பாதை ஒன்று இருந்தது. ஊரில் அப்படி ஒன்று கிடைத்தால் தினமும் பழகலாம் என்று அக்கா சொன்னதை அம்மா பேருந்து முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கடைசி ஷெட்டைப் போய்ப் பார்த்தார். முட்டைக்கோழி ஷெட்டில் நடுவில் குறுகலான சிமெண்டு நடை, இரண்டு பக்கமும் கூண்டுகள், கூண்டுகளுக்கு முன்னால் நீளமாகத் தீவனத் தொட்டி, அந்தத் தொட்டியைத் தாங்க இரும்புப் பட்டை. பட்டை சரியாக என் இடுப்பு உயரத்தில் ஓடியது.

"கடைசி ஷெட்டுல புள்ள நடந்து பழகட்டுமான்னு பெரியப்பாவைக் கேளு" என்றார் அம்மா.

இது ரசம் விஷயம் போல அல்ல. முட்டைக்கோழி பயந்த சுபாவம். பழகாத ஆள், பழகாத சட்டை, பழகாத சத்தம் எதுவும் ஆகாது. ஒரு கோழி அலறினால் ஷெட்டு முழுக்க அலறும், மறுநாள் முட்டை குறையும், போட்ட முட்டையும் ஓடில்லாமல் தோல்முட்டையாக வரும். வேலைக்காரர்களே ஷெட்டுக்குள் நுழையும் முன் வெளியே நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவார்கள். பெரியப்பாவின் குரல் "வாரேன் சாமீய்" என்று இருக்கும். கோழிகளுக்கு அவ்வளவு மரியாதை.

பெரியப்பா ஒரு வேளை முழுக்க யோசித்தார். கடைசி ஷெட்டில் இருந்தவை வயதான கோழிகள், அடுத்த மழைக்குள் கழிவுக்கோழி என்று விற்கப்பட வேண்டியவை. போனால் போகிறது என்று நினைத்திருக்கலாம். மத்தியானம் முட்டை பொறுக்கி முடித்த பிறகுதான் போக வேண்டும், வேலைக்காரர் போடும் காக்கிச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்ள வேண்டும், நுழையும் முன் குரல் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. மூன்றையும் அம்மாவிடம் சேர்த்தேன்.

வாக்கரை ஷெட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இரண்டு பட்டைகளையும் பிடித்துக்கொண்டு நடையில் இறங்குவேன். முதல் சில நாட்கள் கோழிகள் குய்யோ முறையோ என்றன. பிறகு பழகிவிட்டன. என் இடது கால் சிமெண்டில் இழுபடும் சத்தம் வாசலிலேயே அவற்றுக்குக் கேட்டுவிடும். வருகிறாள் என்று தெரிந்து, தலையை நீட்டிக் காத்திருக்கும். கோழி நம்மை நேராகப் பார்ப்பதில்லை, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. அத்தனை ஒற்றைக் கண்களும் என் காலைத்தான் பார்க்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். சத்தம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவதால் குரல் கொடுப்பதை நாளடைவில் விட்டுவிட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சித்திரையில் அம்மா பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. பள்ளிபாளையத்துக்கு அப்பால், காவிரியை ஒட்டிய ஊர். ஒரு வாரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். வீட்டைச் சுற்றி எங்கே கால் வைத்தாலும் மணல். காலை இழுத்தால் ஸ்பிளின்டுக்குள் மணல் போய் உறுத்தும். எவ்வளவு நேரம்தான் உறுத்தலோடு இருப்பது? அதனால் காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். மணலைப் பற்றிய தகராறாகத்தான் அது எனக்கு இருந்தது, கால் சம்பந்தப்பட்டதாக நான் நினைக்கவே இல்லை. அம்மா நோம்பி வேலையில் இருந்தார். மணலில் என் கால் சத்தம் போடாததை யார் கவனிக்கப் போகிறார்கள்.

திரும்பி வந்த மறுநாள் கடைசி ஷெட்டுக்குப் போனேன். கத்திரி வெயில். கோழிகள் அலகைத் திறந்தபடி சொக்கிக்கொண்டிருந்தன. எப்போதும் போல வாக்கரை வெளியே விட்டேன், எப்போதும் போலப் பட்டைகளைப் பிடித்தேன், பாதி நடை வரைக்கும் போனேன். பக்கத்தில் இருந்த ஒரு கோழி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பார்த்ததும் ஒரு அலறல்.

அது பக்கத்துக் கூண்டுக்குப் போய், அதற்கடுத்த கூண்டுக்குப் போய், ஷெட்டு முழுக்கச் சிறகும் தூசியும் தீவனமுமாகப் பறந்தது. நான் நடையிலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். பெரியப்பா "வாரேன் சாமீய்" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அந்த அவசரத்திலும் குரல் கொடுக்க மறக்கவில்லை. என்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நீர்க்குழாயைத் திறந்து கூரைக்குத் தண்ணீர் அடித்தார். அந்த வெயிலில் மிரண்ட கோழிகள் செத்துப்போவதும் உண்டு. அதிர்ஷ்டவசமாக அன்று எதுவும் சாகவில்லை. ஆனால் மறுநாள் கூண்டுக்குக் கூண்டு தோல்முட்டை. விற்க முடியாத அந்த முட்டைகளை எங்கள் வீட்டில் நாலைந்து நாள் விதவிதமாகத் தின்றோம்.

பெரியப்பாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பழகின கோழி, பழகின பிள்ளை, பிறகு எதற்கு மிரண்டது? ஷெட்டுக்கு அடியில் பாம்புச் சட்டை கிடக்கிறதா என்று தேடினார். பூனைத் தடம் பார்த்தார். என் காக்கிச் சட்டையை வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"எப்பவும் போலத்தான வந்த?"

"ஆமாங்க பெரியப்பா."

"கொரலு குடுத்தயா?"

"இல்லீங்க. நான் வர்றது அதுகளுக்கே கேக்குமுங்க."

பெரியப்பா குனிந்து என் இடது காலைப் பார்த்தார். பிறகு முட்டை ரூமுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு தன்னிடம் நடந்து வரச் சொல்லிவிட்டு, தளத்தின் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தலையைக் கோழி மாதிரியே சாய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு நடந்தேன். போய் அவர் வேட்டியைத் தொட்டேன். பெரியப்பா திடுக்கிட்டுத் துள்ளினார்.

"எப்ப வந்த நீயி?"

மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடியும் திரும்பி நின்றார். அதற்கு மேலும் ஒரு தடவை. எங்கே இப்படி நடக்கப் பழகினாய் என்று கேட்டதற்கு, மணல் உறுத்தியதால் காலைத் தூக்கி வைத்தேன் என்று சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயிலும் அப்படித்தான் அடித்தது.

"இனிமே உள்ளாற போறப்பப் பேசிட்டே போ சாமி" என்றார். "உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு. கோழிகளுக்கு நீ வர்றது கேக்கலையாமா. பெரியப்பனுக்கும் கேக்கலைன்னு சொல்லு."

 தோல்முட்டைக்கெல்லாம் காரணம் நான்தான் என்று முடிவாகிவிட்டது, அதை அம்மாவிடம் நானே போய்ச் சொல்லவும் வேண்டும். வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பெரியப்பா பின்னாலேயே வந்து கூடத்தில், நிலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"அம்மா, நான் சத்தமில்லாம வர்றேனாமா. அதனாலதான் கோழியெல்லாம் பயந்துருச்சாம். பெரியப்பாவும் பயந்துட்டாரு."

அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினார். "மறுக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். அம்மா எழுந்து, என் வாக்கரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரச் சொன்னார். சொல்லிவிட்டு, மேடையின் மறுகோடியில் பெரியப்பாவைப் போலவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அன்றைக்கு எல்லோரும் எனக்கு ஏன் முதுகைக் காட்டுகிறார்கள் என்று எனக்கு அழுகையாக வந்தது.

குற்றம் என்ன என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. சத்தம் போடாமல் நடந்தது. அம்மாவாவது சந்தோஷப்படட்டும் என்று, இடது காலை நன்றாக அழுத்தி, பழையபடி சர்ரென்று இழுத்தேன். இரண்டாவது அடியிலும் இழுத்தேன். அம்மாவின் தோள் இரண்டும் அப்படியே கீழே இறங்கின.

"வேணும்னே இழுக்குது அம்மணி." கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "திட்டுவாங்கன்னு இழுக்குது. நீ திரும்பாத, அப்படியே நில்லு. கண்ணுல பாக்காத. சாமி, நீ மணல்ல நடந்தாப்பல நட."

அவர் அம்மாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னை நடுவில் வைக்காமல் பேசுகிறார்கள் என்றால் விஷயம் ரொம்பவே முற்றிவிட்டது என்று பயந்துபோனேன். சொன்னபடி நடந்தேன். சமையலறையில் ஸ்பிளின்டுக்குள் புக மணல் இல்லை, இருப்பதாக நினைத்துக்கொண்டேன். காலைத் தூக்கினேன், குதிகாலை முதலில் வைத்தேன், பிறகு மறுகால். மேடையின் கோடி வரைக்கும் போய் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"அடுத்த வாரமும் சேலத்துக்குப் போயிட்டு வாங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் பெரியப்பா.  அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அம்மா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார். முந்தானை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது, நான் இன்னும் கிளம்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் பட்டது. சட்டென்று தொட்டால் அம்மாவும் மிரண்டுவிடுவார். அதனால் தொடுவதற்கு முன் ஷெட்டுக்கு வெளியே நின்று கொடுப்பது போல மெதுவாக ஒரு குரல் கொடுத்தேன்.

"அம்மா, நான் வந்துட்டேன்."